மலைச்சாலைப் படத்தில் இரண்டு ஜாயின்ட்

1. டப்பாவைத் திறந்தபோது

தகர டப்பாவின் மூடியை நெம்பியதும் நெடி கண்ணில் ஏறியது. பக்கத்து அறையில் ஒலி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜெயந்தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எட்டிப்பார்த்தான்.

"என்னக்கா, ஆர் வினாகிரிப் போத்திலை உடைச்சது?"

யாரும் எதையும் உடைக்கவில்லை. பழைய ஃபிலிம் உள்ளுக்குள்ளேயே அழுகத் தொடங்கினால் இப்படித்தான் வினிகர் வாடை வரும். ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம், அவ்வளவுதான். ஃபிலிம் சுருங்கும், நெளியும், கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதற்குள் ஸ்கேனரில் ஓட்டிக் காப்பி எடுத்துவிட வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சென்னையில் ஒரு கலர் லேபில் நெகட்டிவ் பிரிவில் இருந்தேன். கணவருக்கு வேலை கிடைத்து ஆக்லாந்து வந்தபோது, இனி ஃபிலிமைத் தொடமாட்டேன் என்றுதான் நினைத்தேன். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு டயர் கடைக்கும் கார் பெயின்ட் அடிக்கும் கடைக்கும் நடுவில் இருந்த சின்ன லேபில் ஆள் கேட்டிருந்தார்கள். கல்யாணம், பிறந்தநாள், கடற்கரை என்று குடும்பங்கள் எடுத்துவைத்த பழைய ஃபிலிம்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் இடம். முதலாளி கிரெய்க். நல்ல மனிதர், எப்போதும் கவலையில் இருப்பவர். அவர் பேசியது எல்லாம் இங்கிலீஷ். நான் எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

அன்று கிரெய்க் கையைக் கட்டிக்கொண்டு டப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"கோமதி, நெகட்டிவ் கிடையாது. காமிராவுல ஓடின ஃபிலிமையே வெட்டி ஒட்டிப் படமாக்கியிருக்காங்க. இது போச்சுன்னா போச்சு. ஸ்கேனர்ல மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்னைக் கூப்பிடு."

"கூப்பிடுறேன். நீங்க இப்படி மூச்சு விட்டுக்கிட்டு நிக்காதீங்க."

லேபில் அதற்கு மலைச்சாலைப் படம் என்று பேர் வைத்தோம். எழுபதுகளின் கடைசியில் ஆக்லாந்தில் எடுத்த டாக்குமென்டரி. இங்கே நகரமே எரிமலை மேடுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, தெருக்கள் சரிவாக இறங்கும். அந்தத் தெருக்களிலும் தண்ணீர் வற்றிய நீச்சல் குளங்களிலும் ஸ்கேட்போர்டு ஓட்டிய பிள்ளைகளைப் பற்றிய படம். எடுத்தவர் டெரன்ஸ். ஒரு பலகைக்குச் சக்கரம் போட்டு அதில் குப்புறப் படுத்துக்கொண்டு, காமிராவைத் தரையை ஒட்டிப் பிடித்து, பிள்ளைகளைத் துரத்தியிருக்கிறார். பின்னணிக் குரல் இல்லை. பெரும்பாலும் சக்கரச் சத்தம்தான். விழுவதையும் தோல் உரிவதையும் அவர் வெட்டி எறியவில்லை.

இங்கே டிவியில் ஒரு தடவை காட்டியதோடு படம் மறந்துபோனது. பிறகு யாரோ டிவியிலிருந்து பதிந்த வீடியோ கேசட் ஒன்று அமெரிக்காவுக்குப் போய், காப்பிக்குக் காப்பி எடுத்து, கேசட் கேசட்டாக ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பிற்பாடு ஸ்கேட்போர்டு வீடியோ எடுத்தபோது அதே மாதிரி தாழப் பிடித்தார்கள், அதே மாதிரி துரத்தினார்கள். இன்றைக்குக் கையில் போனை வைத்துக்கொண்டு நண்பனைத் துரத்தும் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தின் பேர்கூடத் தெரியாது. ஆனால் பிடிக்கிற விதம் இங்கிருந்து போனது.

ஜெயந்தன் போனில் ஒரு துண்டைக் காட்டினான். மலை உச்சியிலிருந்து ஆரஞ்சு சட்டை போட்ட பையன் இறங்குகிறான். வளைவுக்கு மேல் வளைவு, மர நிழல், மறுபடி வெயில், அடிவாரம்வரை நிற்கவே இல்லை.

"ஒரே ஓட்டம், ஒரே ஷொட் எண்டுதான் எல்லாரும் எழுதிக்கிடக்கினம். இதாலதான் படத்துக்கே பேர், அக்கா."

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று படத்தின் உரிமையை வாங்கிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. கிரெய்க்கின் கடைக்கு அதுதான் அந்த வருடத்தின் ஒரே பெரிய வேலை.

2. மத்தியானம் வந்த அம்மா

கிரெய்க் சந்தோஷத்தில் லேபின் ஃபேஸ்புக் பக்கத்தில் டப்பாவை போட்டோ எடுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஜெயந்தன் உள்ளே வந்தான்.

"அக்கா, முன்னுக்கு ஒரு அம்மா வந்து நிக்கிறா. தமிழ் ஆள் போலதான் கிடக்கு. படத்தைப் பற்றிக் கதைக்கவேணுமாம். முகம் சரியில்லை."

வாசலில் அலுவலக உடையில் நின்றவருக்கு என் வயதுதான் இருக்கும். நான் "வாங்க" என்றதும் கொஞ்சம் தடுமாறினார்.

"நீங்க தமிழா கா? நான் இங்கிலீஷ்ல சொல்லணும்னு காடி ஓட்டிக்கிட்டே மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன்."

பேர் புஷ்பா. சொந்த ஊர் மலேசியாவில் ஈப்போ; அக்காவைச் சுருக்கிக் 'கா' என்பார். இங்கே ஒரு சரக்குக் கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறார். ஒரே மகன் தினேஷ். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்தப் படத்துல மலையிலேர்ந்து ஒரு பையன் எறங்குவான்லா. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் என் மவன் போனான்."

எங்கே போனான் என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

மெல்ல மெல்லச் சொன்னார். தினேஷ் காலேஜில் இரண்டாம் வருடம். அதிகம் பேசமாட்டான். ராத்திரி அவன் அறையிலிருந்து அந்தச் சக்கரச் சத்தம் சுவரைத் தாண்டி வரும், குறைச்சு வை என்று இவர் சத்தம் போடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டாளி ஒருவனோடு போனான். அவன் காமிராவோடு பின்னால் வர, இவன் முன்னால் இறங்கினான். படத்தில் இருப்பதுபோலவே, நடுவில் நிற்காமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும் என்று திட்டம். வளைவில் எதிரே ஒரு வேன் வந்தது.

"வேன்காரர் பேர்ல தப்பே இல்ல கா. அவர் வளைஞ்சு வர்றதுக்குள்ள இவன் வந்துட்டான்."

ஜெயந்தன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனான்.

"நான் படத்தையே போடாதீங்கன்னு சொல்ல வரல. அந்த எடத்தை மட்டும் வெட்டிடுங்க. புதுசாக்கி, பெரிய ஸ்கிரீன்ல போட்டா இன்னும் எத்தனை பேர் பார்ப்பாங்க. வெட்டுறது உங்க கையிலதானே இருக்கு?"

என் கையில் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது சாக்குப்போலக் கேட்டது. அவர் சண்டை போடவில்லை. போன் நம்பரை எழுதி வைத்துவிட்டு, மதிய இடைவேளை முடிகிறது என்று கிளம்பினார்.

கிரெய்க்கிடம் சொன்னேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா நாம லேப், கோமதி. கஸ்டமர் பொருள்ல ஒரு ஃபிரேம் வெட்டினாலும் நாளைக்குக் கடையில யாரும் டப்பா கொண்டுவந்து வைக்க மாட்டாங்க."

அவர் சொன்னது சரி. அன்று வேலை ஓடவில்லை.

3. ஹில்ஸ்பரோ

ஃபிலிமில் நிறம் வெளிறி எல்லாமே சிவந்து கிடந்தது. எந்த நிறம் எப்படி இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் டெரன்ஸ்தான். அவர் ஹில்ஸ்பரோவில் தனியாக இருந்தார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்கள் மட்டும் தெரியும். திரையைப் பார்க்க முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார், கோழி பார்ப்பதுபோல. ஆனால் ஞாபகம் கூர்மை.

"புல்லைப் பச்சையாக்கிடாதே. அந்த வருஷம் மழையே இல்ல. எல்லாம் காஞ்சு பழுப்பாக் கெடந்துச்சு."

"சட்டை?"

"ஆரஞ்சு. ரோடு போடுறவன்கிட்ட வாங்கினது. வெளுத்துப்போன ஆரஞ்சு, புதுசு இல்ல."

இப்படியே ஒவ்வொரு காட்சியாகப் போய் மலை இறக்கத்துக்கு வந்தோம். அங்கே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஃபிலிமைக் கையால் சுத்தம் செய்தபோது அந்த ஓட்டத்துக்குள் இரண்டு ஜாயின்ட் தட்டுப்பட்டிருந்தது. ஃபிலிமைச் சுரண்டிப் பசை வைத்து ஒட்டுகிற இடம். திரையில் ஓடும்போது மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னி மறையும். மங்கலான கேசட் காப்பியில் அது தெரிந்திருக்க வழியில்லை. ஃபிலிம் அறுந்து யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மர நிழல்ல ஒண்ணு, கடைசி வளைவுக்கு முன்னாடி ஒண்ணு, ரெண்டு ஜாயின்ட் இருக்கு. அறுந்ததா?"

"அறுந்ததா? இல்லையே. அது கட்." அவருக்கு என் கேள்வியே விளங்காததுபோல இருந்தது. "மூணு தடவையா எடுத்தோம். மேல் பகுதி, நடுப் பகுதி, கீழ்ப் பகுதி. நிழல் இருட்டா வர்ற எடத்துல வெட்டிச் சேர்த்தேன்."

"ஒரே ஓட்டம்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

டெரன்ஸ் சிரித்தார்.

"அந்த ரோட்டை ஒரே ஓட்டமா யாராலயும் எறங்க முடியாதும்மா. மேலேர்ந்து அந்த வேகத்துல வந்தா கடைசி வளைவுல தூக்கி எறிஞ்சிடும். அதனால வளைவுக்குக் கொஞ்சம் மேலேர்ந்து புதுசா, மெதுவா ஆரம்பிச்சோம். ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒருத்தன் சிவப்புத் துண்டை வச்சுக்கிட்டு நிப்பான், கார் வந்தா நிறுத்த. யார் சொன்னா ஒரே ஓட்டம்னு? என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே."

தேநீர் போட எழுந்தார். ஜன்னலுக்கு வெளியே மானுகாவ் துறைமுகம் தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடந்தது. அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு தினேஷைப் பற்றி இவரிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். வயதானவர், தனியாக இருக்கிறார். சொல்லாமல் வந்துவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் படத்தில் எதைச் சேர்ப்பது, எதை வைத்துக்கொள்வது என்று சொல்ல உரிமை உள்ளவர் அவர்தானே.

சொன்னேன். புஷ்பா சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல்.

கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றார். "என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார். பத்தொன்பது என்றேன். லேப்டாப்பில் ஆரஞ்சுச் சட்டைப் பையன் வளைவில் உறைந்து நின்றான்.

"அதை மூடு" என்றார்.

வெகுநேரம் கழித்து, கிளம்பும்போது, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படத்துக்கு முன்னால எழுதிப் போடணும். மூணு தடவையா எடுத்தது, ரோட்டை மறிச்சு எடுத்ததுன்னு. நான் சொன்னேன்னு சொல்லு. இன்னொண்ணு, டப்பாவுக்கு அடியில பேப்பருக்குக் கீழ ஒரு சின்ன ரோல் இருக்கும். வெட்டிப் போட்டது. அதையும் எடு."

4. வெட்டிப் போட்டது

ரோல் இருந்தது. முக்கிய ரீல்களைவிட நல்ல நிலையில்கூட இருந்தது. கிரெய்க்கிடம் கேட்டு, புஷ்பாவைக் கூப்பிட்டேன். வேலை முடிந்து சாயங்காலம் வந்தார். ஜெயந்தன் நாற்காலி எடுத்துப் போட்டான்.

"அம்மா, உங்கட பிள்ளை பாத்த துண்டு இதுக்குள்ள இல்லை. பயப்பிடாதேங்கோ. வேண்டாம் எண்டா உடனே நிப்பாட்டலாம்."

திரையில் வெயில் அடிக்கும் தெரு. ஒரு பையன் கழுத்தில் சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு, இறைச்சி பஃப்ஸ் ஒன்றைக் கடித்தபடி, திருப்பத்தில் நிற்கிறான். கார் வருகிறது. துண்டை ஆட்டி நிறுத்துகிறான். காரிலிருந்து ஒரு பெரியவர் இறங்கித் திட்டுகிறார். சத்தம் இல்லை, வாய் மட்டும் அசைகிறது. பையன் பணிவாகத் தலையை ஆட்டுகிறான், ஆனால் வழியை விடவில்லை. மேலே பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டுகிறான். சற்று நேரத்தில் ஆரஞ்சுச் சட்டை கடந்துபோகிறது. அதன் பிறகுதான் காரை விடுகிறான். அடுத்த காட்சியில் வேறு திருப்பம், வேறு பையன், அதே சிவப்புத் துண்டு.

"இவன் எதுக்கு நிக்கிறான்?"

"கார் வராம பார்த்துக்க. ஒவ்வொரு வளைவுலயும் ஆள் நிறுத்தித்தான் எடுத்திருக்காங்க. ஒரே ஓட்டமும் இல்ல. மூணா எடுத்து ஒட்டியிருக்கு."

புஷ்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டோம். அந்தப் பையன் மறுபடி பஃப்ஸைக் கடித்தான், மறுபடி காரை நிறுத்தினான்.

"என் மவனுக்குப் பின்னால காமிரா புடிச்சுக்கிட்டு ஆள் வந்தான். முன்னால யாரும் நிக்கல கா."

அழவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பி அவன் செய்யப் போயிருக்கிறான். அதை அவரும் அந்த நிமிடத்தில்தான் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

போகும்போது சொன்னார்: "வெட்ட வேணாம். அந்த எடம் அப்படியே இருக்கட்டும். இந்தப் பையன் நிக்கிறதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க. முடியலன்னா எழுதியாவது போடச் சொல்லுங்க."

5. கம்பெனியின் பதில்

கிரெய்க் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவரே கம்பெனிக்கு வீடியோ காலில் பேசினார், என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தப் பக்கம் நிக்கோல் என்று ஒரு பெண். முழுவதும் பொறுமையாகக் கேட்டாள். அந்த அம்மாவை நினைத்தால் மனசு ஒடிகிறது என்றாள். உண்மையாகவே சொன்னாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. மக்கள் இந்தப் படத்தைத் தேடி வர்றதே அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான். ஆரம்பத்துலயே அது மூணு துண்டுன்னு எழுதி ஒரு கார்டு போட்டா, படம் பார்க்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போயிடும். டீம்ல பேசிட்டுச் சொல்றேன்."

"டைரக்டரே கேக்கிறாரு" என்றேன்.

"அவர்மேல ரொம்ப மரியாதை இருக்கு. ஆனா உரிமை எங்ககிட்ட இருக்கு."

ஜாயின்ட் கோடுகளை நான் துடைக்கவில்லை. ஃபிலிமில் இருந்தது இருக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் பழக்கம். கீறல், தூசி, அழுக்கு போகும், எடுத்தவர் போட்ட ஜாயின்ட் போகாது. கிரெய்க்கும் சரி என்றார். புஷ்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்: கார்டு வருமா தெரியாது, ஆனால் கோடு தெரியும், பெரிய திரையில் நன்றாகவே தெரியும், ஒரே ஓட்டம் இல்லை என்று பார்க்கிறவர்களுக்கே புரியும். வேலையை முடித்து ரீல்கள், வெட்டிப் போட்ட ரோல், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒப்பந்தப்படி, ஒரு காப்பிகூட வைத்துக்கொள்ளாமல், கம்பெனிக்கு அனுப்பினோம்.

6. திரையிடல்

போன வருடம் நகர மையத்தில் ஒரு தியேட்டரில் போட்டார்கள். எனக்கு வந்த இரண்டு டிக்கெட்டில் ஒன்றில் புஷ்பாவை அழைத்துப் போனேன். ஜெயந்தனும் வந்தான். டெரன்ஸுக்கு உடம்பு முடியவில்லை. அரங்கம் முழுவதும் இளைஞர்கள், காலுக்கடியில் ஸ்கேட்போர்டு. பெண் பிள்ளைகளும் நிறைய. நரைத்த தாடி வைத்த சில பேர் பழைய கேசட் காலத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. கார்டு வரவில்லை. நேராகப் படம்.

நிறம் நன்றாக வந்திருந்தது. புல் பழுப்பாக இருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மலை இறக்கம் தொடங்கியதும் அரங்கம் விசில் அடித்தது. புஷ்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். மர நிழல் நெருங்கியது. நான் கோட்டுக்காகக் காத்திருந்தேன். நிழல் வந்தது, போனது. கோடு இல்லை. அடுத்தது கடைசி வளைவு. அங்கும் இல்லை. பையன் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அடிவாரம்வரை இறங்கினான். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

"எங்க கா கோடு?" என்றார் புஷ்பா.

எங்களிடமிருந்து போன பிறகு யாரோ கம்ப்யூட்டரில் துடைத்திருக்கிறார்கள். கோடு மட்டுமில்லை, ஜாயின்ட்டில் வெளிச்சம் இலேசாக மாறும், அதையும் சமன் செய்திருக்கிறார்கள். கேசட்டில் இருந்ததைவிட இப்போது அது இன்னும் ஒரே ஓட்டமாகிவிட்டது.

படம் முடிந்ததும் மேடையில் ஒருவர், உடையாத ஒரே ஷாட், மனித தைரியம் என்றெல்லாம் பேசினார். கேள்வி கேட்கலாம் என்றார். புஷ்பா எழுந்தார். மைக் வருவதற்குள் பேசத் தொடங்கிவிட்டார், இங்கிலீஷில், நடுக்கமில்லாத குரலில்.

"அது ஒரே ஷாட் இல்லை. மூன்று தடவை எடுத்தது. சாலையை மறித்து எடுத்தது. என் மகன் ஒரே ஷாட் என்று நம்பி இறங்கினான். இறந்துபோனான். இதோ இவர் அந்த ஃபிலிமைக் கையில் வைத்து வேலை செய்தவர்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. எழுந்து நின்று, ஆமாம், இரண்டு ஜாயின்ட் இருந்தது, நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், டைரக்டரே சொன்னார் என்றேன்.

முன்வரிசையில் ஒரு பையன் மரியாதையாகவே கேட்டான்: "அப்போ ஏன் எங்களுக்குத் தெரியலை?"

"எங்ககிட்டேர்ந்து போகும்போது இருந்தது. அப்புறம் யாரோ துடைச்சிருக்காங்க."

மேடையில் இருந்தவர், பகிர்ந்துகொண்டதற்கு நன்றி, மிகவும் வருந்துகிறோம் என்றார். அடுத்த கேள்வி என்றார். அந்தக் காலத்தில் சக்கரம் எந்தப் பொருளில் செய்தது என்று யாரோ கேட்டார்கள்.

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சில பிள்ளைகள் அந்த ஈரத்திலேயே போர்டில் ஏறிச் சரிவில் இறங்கிப் போனார்கள். ஜெயந்தன் கார் எடுக்கப் போனான். ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, எந்த இடத்தில் வெட்டியிருந்தது என்று புஷ்பாவிடம் கேட்டாள். புஷ்பா சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தே போனாள். ஏறி ஓட்டவில்லை. மழைக்காகவும் இருக்கலாம்.

7. இப்போது

அந்தக் கம்பெனி அதன் பிறகு எங்களுக்கு வேலை அனுப்பவில்லை. கிரெய்க் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. இந்த வருடம் லேபை மூடினார். மூடியதற்கு இது மட்டும் காரணமில்லை என்று அவரே இரண்டு தடவை சொன்னார். ஜெயந்தன் டிவி சேனல் ஒன்றில் சேர்ந்துவிட்டான். நான் ஓய்வு எடுத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இதுதான். எதைத் துடைத்தாலும், துடைப்பதற்கு முன்னால் எடுத்த ஸ்கேனையும் சேர்த்தே வைக்கச் சொல்லி, வேலையை ஒப்புக்கொள்ளும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அது ஒரு ஆவணக் காப்பகத்திலோ நூலகத்திலோ இருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. ரீலும் ஸ்கேனும் கம்பெனியிடம். வெளியில் இப்போது அந்த இரண்டு கோடுகள் இருந்ததற்கு என் வாய்ச்சொல்லும் டெரன்ஸின் வாய்ச்சொல்லும்தான் சாட்சி. படத்தைப் பார்ப்பவர்களுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியாது.

திரையிடலுக்குப் பிறகு டெரன்ஸைப் பார்க்க வேண்டும் என்று புஷ்பா கேட்டார். அழைத்துப் போனேன். புஷ்பா அவரைத் திட்டப் போகிறாரோ என்று எனக்குப் பயம். டெரன்ஸுக்கும் இருந்திருக்கும், சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார்டு போடவில்லை என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, புஷ்பாவைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்க பையன் எந்தக் காலை முன்னால வச்சு நிப்பான்?"

புஷ்பாவுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். போர்டில் நிற்கும்போது பெரும்பாலானவர்கள் இடது காலை முன்னால் வைப்பார்கள், சிலர் வலது காலை.

"தெரியல" என்றார் புஷ்பா. தமிழில்தான் சொன்னார், என்னைப் பார்த்து. "எப்படி செத்தான்னு எல்லாரும் கேட்டாங்க கா. எப்படி நிப்பான்னு யாரும் கேக்கல. நான் ஒரு நாளும் நின்னு பார்த்ததில்ல."

போனை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். அன்று காமிரா பிடித்த கூட்டாளியின் எண் அதில் இருந்தது. சவ அடக்கத்துக்குப் பிறகு அவனிடம் பேசியதே இல்லையாம். ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். எடுத்தான். தினேஷின் அம்மா என்றார். புஷ்பா கேள்வியைக் கேட்டார்.

வலது கால் முன்னால், என்றான் அவன். எங்கள் கூட்டத்தில் அப்படி நிற்பது தினேஷ் ஒருத்தன்தான், ஆன்ட்டி.

அழைப்பு முடிந்ததும் புஷ்பா செருப்பைக் கழற்றினார். கம்பளத்தின்மேல் எழுந்து நின்று வலது காலை முன்னால் வைத்தார். இடது காலைப் பின்னால் கொண்டுபோய்ச் சரிபார்த்தார்.

"இப்படியா?"

டெரன்ஸால் பார்க்க முடியவில்லை, என் பக்கம் திரும்பினார். ஆமாம், அப்படித்தான் என்றேன்.

"முட்டியைக் கொஞ்சம் மடக்கச் சொல்லு" என்றார் டெரன்ஸ்.

சொன்னேன். புஷ்பா முட்டியை மடக்கினார்.